இலங்கையின் முதுகுடிகள் யார்?

கிளிநொச்சிக்குத் தெற்கே இரணைமடுக் குளம் கிடக்கின்றது. வன்னி மக்களுக்கு அது நெல்லும் நீரும் தரும் குளம். நிலவியலாருக்கோ அப்பெயர் வேறொன்றையும் குறிக்கும். மேலே செம்மணலும் அதன் கீழே பருக்கைக் கற்படையுமாக நம் நாட்டின் வறண்ட கரையோரங்களிற் காணப்படும் பழைய மண்ணடுக்கு ஒன்றுண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'இரணைமடுப் படிவம்' என்பதாகும். அப்படிவத்தின் பருக்கைக் கற்களிடையே மனிதர் கையாற் செதுக்கிய கற்கருவிகள் கிடக்கின்றன. தொல்லியலறிஞர் சிரான் தெரணியகல அவற்றை ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டில் இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். குளக்கட்டின் மேல் துவிச்சக்கர வண்டியில் செல்லும் எங்கள் பாடசாலை மாணவர், எழுத்தும் ஏரும் தோன்றுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் நடந்த மண்ணின் மேலேயே செல்கின்றனர்.

அம்மனிதர் யாவர்? அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று எங்குளர்? இன்று நாம் ஆராயப் புகும் பொருள் இதுவே. இவ்வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் சுட்டுவது வேடர் எனப்படும் முதுகுடி மக்களை. அவர்களுட் சிலர் தம்மை 'வன்னியலா எத்தோ' என்றே அழைத்துக் கொள்வர். காட்டில் வாழும் மக்கள் என்பது அதன் பொருள். வன்னி என்ற நம் நாட்டுப் பெயருக்கு அறிஞர் பலவாறு பொருளுரைப்பர். எப்பொருளைக் கொள்ளினும், காடு என்னும் கருத்து அதனோடு ஒட்டிக்கொண்டே வருகின்றது. ஆதலின், வேடரைப் பற்றிய பேச்சு வன்னியிலிருப்போர்க்கு அயலார் கதையன்று.

யான் கலைப்பட்டதாரி, வரலாறும் தமிழும் கற்பித்தவன். பிறப்புரிமையியல் என்னும் விஞ்ஞானத் துறையை எங்கள் பாடசாலை உயிரியல் ஆசிரியையிடம் மாணவனைப் போலிருந்து கேட்டறிந்தேன். நேயர்களுள் என்னைப் போன்றோர் பலர் இருப்பராதலால், யான் விளங்கிக்கொண்ட முறையிலேயே கூற முயல்வேன்.

முதலில் வரலாறு கூறுவதைக் கேட்போம். மகாவமிசத்தில் விசயன் குவேனி கதை வருகின்றது. கைவிடப்பட்ட குவேனியின் மகனும் மகளும் மலைநாட்டுக் காட்டிற் புகுந்து வாழ்ந்தனர் என்றும், அவர் வழியினரே புலிந்தர் என்றும் அந்நூல் கூறும். வேடரைப் பற்றிய பழைய கதை இதுவென்று பலர் கொள்வர். தமிழ் மரபிலோ வேடர் குலம் இழிகுலமன்று. கதிர்காமத்து வள்ளி வேடர் தலைவன் வளர்த்த மகள். தன் கண்ணையே இறைவனுக்கு அளித்த கண்ணப்பர் வேடர். கோயிலிலே கைகூப்பி வணங்கும் ஒருவரை வீதியிலே ஏளனம் செய்யும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ!

இராபர்ட் நொக்சு என்ற ஆங்கிலேயர் 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையிற் சிறைபிடிக்கப்பட்டு, கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் இருந்து, 1679ஆம் ஆண்டில் மல்வத்து ஓயாவின் கரைவழியே காடுகளைக் கடந்து மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளியான அவரது நூலில் வேடரைப் பற்றிய செய்தியொன்று உண்டு. வேடர் தமக்கு அம்பு வேண்டுமாயின், இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து, இறைச்சிச் சுமையொன்றைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவில் இலையொன்றை வெட்டி அதனருகே வைத்துச் செல்வராம். கொல்லன் அவ்வடிவிலே அம்பு செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி கிடைக்கும். இக்கதையிலிருந்து இரண்டு செய்திகளை அறிகிறோம். வேடர் ஒதுங்கி வாழ்ந்தனர் என்பது ஒன்று. முற்றாக ஒதுங்கிவிடவில்லை, அயலாரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்திற் கொள்ளுங்கள். விஞ்ஞானம் பின்னர் இவற்றையே வேறு மொழியிற் கூறப்போகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் வேடர்மேல் நாட்டங்கொண்டனர். செருமனியரான விர்கோ 1881இல் அவர்களைப் பற்றி எழுதினார். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சரசின் உறவினர் இருவர் இங்கு வந்து ஆராய்ந்தனர். அக்காலத்து ஆராய்ச்சியாவது மண்டையோட்டை அளத்தல். உயிரோடிருந்த மக்களின் மூக்கையும் நெற்றியையும் அளந்தனர். இறந்தோரின் மண்டையோடுகளைக் கப்பலேற்றினர். இவ்வாறு சென்ற ஒன்பது மண்டையோடுகளை எடின்பரோப் பல்கலைக்கழகம் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் திருப்பியளித்தது. தம் முன்னோரின் எலும்புகளை ஒரு பெட்டகத்திலிருந்து பெற்றுக்கொள்ளும் நிலை எவருக்கும் நேரலாகாது.

1911ஆம் ஆண்டில் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட நூலே வேடரின் வாழ்வையும் வழிபாட்டையும் விரிவாகக் கூறியது. வேடரெல்லாம் ஒரே வகையினரல்லர் என்பதை அந்நூலே தெளிவாகக் காட்டியது. பிந்தனைப் பகுதிக் காட்டுவேடர் ஒருசாரார். மட்டக்களப்பு, திருகோணமலைக் கரையோரங்களில் தமிழ் பேசி, மீன்பிடித்தும் சேனைப்பயிர் செய்தும் வாழ்ந்த கரையோர வேடர் மற்றொருசாரார். வன்னிக்குத் தெற்கெல்லையாகிய அனுராதபுர மாவட்டத்தில், சிங்களம் பேசி நெற்செய்கை புரிந்து வாழும் வேடர் ஊர்களும் உள. அவ்வூர்களைப் பற்றிச் சேம்சு புரோ என்ற மானிடவியலாளர் 1978இல் ஒரு நூல் எழுதினார். வில்லும் அம்பும் ஏந்தியவர் மட்டுமே வேடர் என நினைப்போமாயின், இவ்வூரவரை நாம் காணவே மாட்டோம்.

அப்படித்தான் குடிசனக் கணக்கிலும் நேர்ந்தது. 1911இல் சுமார் 5300 பேர் வேடரெனப் பதியப்பட்டனர். 1946இல் அத்தொகை சுமார் 2400 ஆயிற்று. 1953இல் சுமார் 800. நாற்பது ஆண்டுகளில் மக்கள் மாண்டொழிந்தனரோ? அன்று. பெரும்பாலோர் தமிழரென்றும் சிங்களவரென்றும் பதியப்பட்டனர். பின்னர் வந்த கணக்கெடுப்புகளில் எஞ்சியோரும் 'ஏனையோர்' என்னும் நிரலுள் அடங்கலாயினர். ஒரு பேனாவின் கீறலில் ஒரு மக்கட்கூட்டம் மறையலாம். ஆனால், உடலினுள்ளே எழுதப்பட்டதைப் பேனா அழிப்பதில்லை. இனி அவ்வெழுத்தைப் பற்றிப் பார்ப்போம்.

நம் உடல் எண்ணற்ற கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலத்தின் கருவிலும் இருபத்துமூன்று சோடி நிறமூர்த்தங்கள் உள. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தந்தை வழியும் மற்றொன்று தாய் வழியும் வந்தவை. டி.என்.ஏ. எனப்படும் நீண்ட இழையாலே ஆனவை அவை. நான்கே நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட மிகப் பெரிய ஏட்டுச்சுவடி என அவ்விழையைக் கொள்ளலாம். பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் இடையிடையே பிழை விடுவான் அன்றோ? அவன் பிரதியைப் பார்த்து எழுதுவோன் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவான். இரண்டு பிரதிகளில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை எனப் பதிப்பாசிரியர் முடிவு செய்வர். சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கியதுபோல, விஞ்ஞானிகள் மனிதரின் டி.என்.ஏ. ஏடுகளை ஒப்புநோக்குகின்றனர். முறை ஒன்றே, ஏடுதான் வேறு.

இவ்வேட்டில் மூன்று பகுதிகள் மூதாதையரைப் பற்றிப் பேசும். ஒன்று இழைமணியின் டி.என்.ஏ. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. ஆதலின் அது தாய், தாயின் தாய், அவள் தாய் என ஒரே கோட்டிற் பின்னோக்கிச் செல்லும். இரண்டாவது, வை நிறமூர்த்தம். இது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் வருவது. மூன்றாவது, ஏனைய இருபத்திரண்டு சோடி நிறமூர்த்தங்கள். இவை தலைமுறைதோறும் கலைக்கப்பட்டுக் கலந்து வருவன. முதலிரண்டும் ஒவ்வொரு கோட்டைக் காட்டும்; மூன்றாவதோ முழுக் குடும்பத்தையும் காட்டும். பத்துத் தலைமுறைக்கு முன் நம் ஒவ்வொருவருக்கும் 1024 மூதாதையர் இடம் உண்டு என்பது எளிய பெருக்கற் கணக்கு. அவருள் ஒரே ஒரு பாட்டியையும் ஒரே ஒரு பாட்டனையும் மட்டும் பார்த்து, 'நான் இன்னார்' என்று முடிவுகட்டுவது, குளத்தின் ஒரு கையளவு நீரை அள்ளி, இதுவே குளம் என்பதற்கு ஒப்பாகும்.

வேடரின் குருதியை ஆராயும் முயற்சி இன்று தொடங்கியதன்று. 1963ஆம் ஆண்டிலேயே விக்கிரமசிங்கவும் பிரித்தானிய அறிஞர் மூவரும் வேடரின் குருதிவகைகளையும் ஈமோகுளோபினையும் ஆராய்ந்து வெளியிட்டனர். வேடரிடையே ஈமோகுளோபின்-ஈ என்னும் வேறுபாடு குறிப்பிடத்தக்க அளவிற் காணப்பட்டது. தென்கிழக்காசிய நாடுகளில் மிகப் பரவலாயுள்ள வேறுபாடு அது. இச்செய்தி அறிஞர்க்கு வியப்பளித்தது. ஆயினும் ஒரேயொரு பரம்பரையலகைக் கொண்டு ஒரு மக்களின் பிறப்பிடத்தைத் துணிய முடியாது. மலேரியா மிகுந்த நாடுகளில் ஈமோகுளோபினின் இத்தகைய வேறுபாடுகள், அவற்றை உடையோர்க்கு ஒருவகைப் பாதுகாப்பளித்துத் தாமே பெருகுவதும் உண்டு. வன்னிக் காய்ச்சலை அறிந்த நம் பாட்டன்மார்க்கு மலேரியாவின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அரை நூற்றாண்டின் பின் கருவிகள் கூர்மையடைந்தன. 2014ஆம் ஆண்டில் ரணவீர முதலானோர் வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கரைநாட்டுச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் ஆகியோருள் 271 பேரின் தாய்வழி டி.என்.ஏ.வை ஒப்புநோக்கினர். அதன் முடிவு யாதெனில், ஏனைய கூட்டத்தார் எல்லோரும் தம்முள் நெருங்கி நிற்க, வேடர் மட்டும் தனித்து ஒதுங்கி நின்றனர் என்பதே. இதனைக் கேட்டதும் நம்முட் பலர் வேடரைப் பற்றிய பாதியை மட்டும் காதிற் போட்டுக்கொள்வர். மற்றப் பாதி அதனினும் முக்கியமானதன்றோ? சிங்களவரும் தமிழரும் தாய்வழியில் ஒருவரோடொருவர் நெருங்கியவர் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

2024ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும், இந்தியாவின் குமாரசாமி தங்கராசு, ஞானேசுவர் சௌபே ஆகியோரும் கூடி, தாய்வழியோடு ஏனைய நிறமூர்த்தங்களையும் ஆராய்ந்து மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். அதன் முடிவுகள் மூன்று. முதலாவது, வேடர்க்கு மிக நெருங்கிய உறவினர் இந்தியாவின் பழங்குடி மக்கள் என்பது. இருளர், பணியர், சந்தாலர், சுவாங்கர் முதலியோர் இவ்வகையிற் சுட்டப்படுவர். இருளரும் பணியரும் பேசுவன திராவிட மொழிகள். சந்தாலரும் சுவாங்கரும் பேசுவன அவற்றோடு தொடர்பற்ற வேறொரு மொழிக்குடும்பத்தைச் சார்ந்தன. வேடர் மொழியோ இவையிரண்டிலும் சேராதது. ஆகவே இவ்வுறவு மொழிக்குடும்பங்கள் பிரிந்து நிலைபெறுவதற்கு முற்பட்ட, மிகப் பழைய உறவு என்று கொள்ளவேண்டும். இரண்டாவது, அயலிலுள்ள சிங்களவரிடமிருந்தும் தமிழரிடமிருந்தும் வேடருட் கலந்தது குறைவு என்பது. பொதுவாக, அயலூரார் ஒருவரையொருவர் ஒத்திருப்பர். தூரம் கூடக்கூட ஒப்புமை குறையும். வேடர் திறத்தில் இவ்விதி செல்லவில்லை. பக்கத்து ஊராரைவிடக் கடல்கடந்த பழங்குடியினரே அவரை ஒத்திருந்தனர். மூன்றாவது, சிங்களவரும் இலங்கைத் தமிழரும் தம்முள் மிகுதியாகக் கலந்தவர் என்பது.

இக்கடல் எப்போதும் இருந்ததன்று என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். பனியூழியிலே கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே செல்லலாம். அந்நிலவழி இறுதியாக நீரில் மூழ்கிச் சுமார் 7000 ஆண்டுகளே ஆகின்றன. தென்மேற்கிலங்கையின் பாகியன்கலைக் குகையில் மனிதர் வாழ்ந்த சுவடுகளோ சுமார் 48,000 ஆண்டுகள் பழமையானவை. ஆதலின், அவர்க்கு இந்தியாவும் இலங்கையும் ஒரே காடாகவே இருந்தன.

வேடர் ஏன் இவ்வாறு வேறுபட்டு நிற்கின்றனர்? இவ்வினாவுக்கு விடையைப் பத்தாம் வகுப்பு மாணவரைக் கொண்டு யான் விளையாட்டாகச் செய்து பார்த்தேன். நேயர்களும் வீட்டிலே செய்யலாம். ஒரு பேணியில் ஐம்பது மஞ்சாடி விதைகளும் ஐம்பது புளியங்கொட்டைகளும் இடுக. கண்ணை மூடிக்கொண்டு பத்து விதைகளை எடுக்க. ஐந்தும் ஐந்துமாகவே வரும் என்பதில்லை. ஏழு மஞ்சாடியும் மூன்று புளியங்கொட்டையும் வந்தன எனக் கொள்வோம். இனி, பேணியில் எழுபது மஞ்சாடியும் முப்பது புளியங்கொட்டையும் இருக்குமாறு நிரப்பி மீண்டும் பத்தை எடுக்க. இவ்வாறே தொடர்ந்து செய்தால், ஒரு கட்டத்தில் ஒருவகை விதை அடியோடு மறைந்துவிடும். எங்கள் வகுப்பிலே ஒன்பதாம் முறையில் புளியங்கொட்டை முற்றாக ஒழிந்தது. மஞ்சாடி உயர்ந்ததுமன்று, புளி தாழ்ந்ததுமன்று. கையில் அகப்பட்டது பத்தே விதை என்பதுதான் காரணம். பத்துக்குப் பதிலாக ஆயிரம் எடுத்திருப்பின் விகிதம் எளிதில் மாறியிராது.

சிறிய கூட்டமாய்ப் பல தலைமுறை ஒதுங்கி வாழும் மக்களிடையே இவ்வாறு தற்செயலாகவே சில அடையாளங்கள் பெருகும், சில மறையும். பிறப்புரிமையியலார் இதனை நகர்வு என்பர். வேடர் 'வரிகே' என்னும் சிறு குலங்களாகப் பிரிந்து, மாமன் மகளையும் அத்தை மகளையும் மணந்து, குறைந்த தொகையினராய் வாழ்ந்தவர். ஆகவே, அவரது தனித்தன்மையில் ஒரு பகுதி பழைமையால் வந்தது. மற்றொரு பகுதி சிறுமையால், அதாவது தொகைச் சிறுமையால் வந்தது. இவ்விரண்டையும் பிரித்துணராதார் வேடரை ஏதோ வேற்றுலகப் பிறவிகளாக எண்ணிவிடுவர். 2025இல் வெளியான மற்றோர் ஆய்வில் வேடரின் முழு டி.என்.ஏ. ஏடும் படிக்கப்பட்டது. உள்நாட்டு வேடரும் கரையோர வேடரும் தம்முள்ளும் வேறுபடுகின்றனர் என்பதும், அவர் பன்னெடுங்காலம் குறைந்த தொகையினராகவே இருந்தனர் என்பதும், பழைய வேட்டுவ மூதாதையரின் பங்கு அவரிடம் கூடுதல் என்பதும் அதனாற் புலனாயின. செலிக்மன் தம்பதியர் கண்ணாற் கண்டதைக் கருவி உறுதி செய்தது எனலாம்.

'கூடுதல்' என்னும் சொல்லைச் சற்றே நிறுத்திக் கவனிப்போம். 2009ஆம் ஆண்டிலே தங்கராசுவும் அமெரிக்கரான தாவீது ரைக்கும் பிறரும், இந்திய மக்களிற் பெரும்பாலோர் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலப்பினால் ஆயவர் என்று காட்டினர். 2019இல் வந்த விரிவான ஆய்வு அதனை மேலும் பகுத்தது. தென்னாசியாவின் மிகப் பழைய வேட்டுவ மக்கள், ஈரானிய நிலப்பகுதி மக்களோடு உறவுடையோர், பிற்காலத்தே வடக்குப் புல்வெளிகளிலிருந்து வந்தோர் என மூன்று ஊற்றுக்களை அது சுட்டியது. இவற்றின் பங்கு இடத்துக்கிடம் வேறுபடும். ஆனால், தென்னாசியாவில் அப்பழைய வேட்டுவரின் பங்கு சிறிதுமில்லாத பெருங்கூட்டம் எதுவுமில்லை. அஃதாவது, வேடரிடம் மிகுதியாயிருப்பது நம்மிடம் குறைவாக இருக்கின்றது, இல்லாமலில்லை. வன்னிக் குளங்கள் தொடர்தொடராய் அமைந்தவை அன்றோ? மேற்குளத்தின் கலிங்கு வழியும் வயல் வழியும் வந்த நீர் கீழ்க்குளத்திற் சேரும். கீழ்க்குளத்தில் வேறு ஓடைகளின் நீரும் கலக்கும். மேற்குளத்து நீர் தனியாய்த் தெளிந்து நிற்கும். ஆயினும், கீழ்க்குளத்தான் மேற்குளத்தைப் பார்த்து, 'உன் நீர் வேறு, என் நீர் வேறு' என்று கூறமுடியுமா?

இவ்விடத்தில், நெடுநாள் என் நெஞ்சிற் கிடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். யான் இளம் ஆசிரியனாயிருந்தபோது கிழக்குக் கரையோரத்தே ஒரு சிறு பாடசாலையிற் சில காலம் கற்பித்தேன். வாகரைப் பக்கத்துக் குஞ்சங்குளம் முதலான ஊர்களில் வேடர் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்வதை அறிந்தோர் அறிவர். அத்தகைய குடும்பத்துப் பையன் ஒருவன் என் வகுப்பிலிருந்தான். தேனெடுக்கும் பருவத்தில் வரமாட்டான். வந்தாற் கணக்கில் அவனே முதல்வன். ஒருநாள் வரலாற்றுப் பாடத்திலே, 'நாகரிகமற்ற வேடர் காடுகளில் அலைந்து திரிந்தனர்' என்று வகுப்பார்க்குச் சொல்லிவிட்டேன். அந்தச் சொல் எந்த ஏட்டிலிருந்தும் வந்ததன்று. என் வாயிலிருந்து வந்தது. பின்வாங்கில் இருந்தோர் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். மறுவாரம் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வீடு தேடிச் சென்றபோது அவன் தாய் திண்ணையை மெழுகிக்கொண்டிருந்தார்.

"அவன் இனி வரமாட்டான் ஐயா. வேட்டைக்காரப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கெண்டு கேட்கிறான்" என்றார் அவர். என்னைக் குறைகூறவில்லை. தேநீர் தந்தார். அதுவே எனக்குத் தாங்கவொண்ணாததாயிற்று.

அப்பையன் திரும்பி வரவேயில்லை. அன்று யான் சொன்னது வரலாறுமன்று, விஞ்ஞானமுமன்று, வெறும் வழக்கம். 'அலைந்து திரிந்தோர்' நாற்பத்தெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மழைக்காட்டிலே வாழக் கற்றவர். எலும்பிலே கூர்முனைக் கருவி செய்தவர். குரங்கும் அணிலும் வேட்டையாடும் நுட்பம் கைவந்தவர். பாகியன்கலையிற் கிடைத்த எலும்பு முனைகள், ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு வழங்கியமைக்கு மிகப் பழைய சான்றுகளுள் வைத்தெண்ணப்படுகின்றன. இதனை அன்று யான் அறிந்திருப்பின், அவனை எழுப்பி நிறுத்தி, வகுப்பாரைக் கைதட்டச் செய்திருப்பேன்.

ஆயினும், இதற்கு நேர்மாறான பிழையொன்றும் உண்டு. அது படித்தோர் செய்யும் பிழை. முந்தி வந்தவர் யார் என்னும் வழக்கிலே இந்நாடு எத்துணைக் குருதியைச் சிந்தியதென்பதை வன்னி மக்களாகிய நாம் 2009ஆம் ஆண்டு வரை கண்ணாரக் கண்டோம். டி.என்.ஏ. ஆய்வொன்று வெளியானதும், அதனை ஒரு காணி உறுதியைப் போல ஏந்திக்கொண்டு, 'நாமே முந்தியோர்' என்று கூவுவோர் எல்லாப் பக்கத்தும் உளர். அவர்க்குக் கூறவேண்டியது இரண்டு. இவ்வாய்வுகள் கூட்டங்களிடையே உள்ள சராசரி உறவையே காட்டுகின்றன. தனி மனிதன் எவனுக்கும் அவை பெயரோ மொழியோ இடுவதில்லை. மேலும், முந்தி வந்தோர்க்கே உரிமை என்று வழக்காடுவோர், உண்மையில் முந்தியோராகிய வேடர்க்கு என்ன கொடுத்தனர்? 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைந்தபோது, தலைமுறை தலைமுறையாய் வேட்டையாடித் தேனெடுத்த காட்டிலிருந்து வேடர் பலர் வெளியேற்றப்பட்டுக் குடியேற்றங்களில் அமர்த்தப்பட்டனர். தம்பானையை விட்டு அகல மறுத்த முதுதலைவர் திசாகாமி 1998இல் மறைந்தார். இடம்பெயர்தலின் துயரை நம்மைப்போல அறிந்தார் யார்? அத்துயரைக் கொண்டு அவர் துயரை நாம் அளந்தறியலாம்.

இவ்விஞ்ஞானத்தால் வேடர்க்கு விளையும் பயனும் உண்டு. ஈமோகுளோபின்-ஈயைத் தாயும் தலசீமியாவைத் தந்தையும் கொண்டிருப்பின், பிள்ளைக்குக் கடுமையான குருதிநோய் வரக்கூடும். சிறிய கூட்டங்களில் உறவுமணம் மிகுதியாதலின், மறைந்து கிடக்கும் பிற பரம்பரை நோய்களும் வெளிப்படுதல் கூடும். திருமணத்துக்கு முன்னர் ஒரு குருதிச் சோதனை இதனைத் தவிர்க்க உதவும். ஆனால், குருதி கொடுத்தோர்க்கு அதன் பயனும் முடிவும் தெரிவிக்கப்படல் வேண்டும். அமெரிக்காவிலே அவசுப்பாய் என்னும் செவ்விந்தியக் குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று குருதி கொடுத்தனர். அவர் அறியாமலே அது வேறு ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. வழக்குத் தொடுத்து, 2010ஆம் ஆண்டில் இழப்பீட்டோடு தம் குருதியையும் திரும்பப் பெற்றனர். தென்னாபிரிக்கச் சான் மக்கள் 2017இல், தம்மை ஆராய வருவோர் ஒழுகவேண்டிய நெறிகளைத் தாமே எழுதி வெளியிட்டனர். மண்டையோடு அளந்த காலம் போயிற்று. கேளாமல் எடுக்கும் வழக்கமும் அதனோடு போதல் வேண்டும்.

நேயர்களே, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு மீள்வோம். இலங்கையின் முதுகுடிகள் யார்? தம்பானையிலும் வாகரையிலும் அனுராதபுரத்துக் காட்டூர்களிலும் வாழும் வேடர் அவர்தம் நேர் வழியினர்; அப்பழைய மரபைப் பிறரினும் மிகுதியாகக் காத்து வைத்திருப்பவர். நாம் அனைவரும் அம்மரபிற் சிறு பங்கேனும் உடையவர், அதனை மறந்துவிட்டவர். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்பதுதான் அறிவுடைமை. முதலாவதை மட்டும் கொண்டால் அவரைக் காட்சிச்சாலைப் பொருளாக்குவோம். இரண்டாவதை மட்டும் கொண்டால், 'நாமும் அவரே' என்று சொல்லி அவர்தம் பெயரையும் காட்டையும் பறித்துக்கொள்வோம்.

ஆசிரியர்கட்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வகுப்பிலே பின்வாங்கில் ஒரு பிள்ளை இருக்கலாம். பெயரேட்டிலே அவன் தமிழனென்றோ சிங்களவனென்றோ எழுதப்பட்டிருப்பான். அவன் பாட்டி மட்டும் தேனும் காடும் பற்றி வேறொரு கதை சொல்லியிருப்பாள். வேடரைப் பற்றிய பாடத்தைத் தொடங்குமுன் அப்பிள்ளை அங்கே இருக்கின்றான் என்றே எண்ணிக்கொண்டு பேசுங்கள். யான் இப்போது அவ்வாறே செய்து வருகின்றேன். முப்பது ஆண்டு தாமதமாக.